பஞ்சு வராத ஆண்டுகள்

1861-இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போர், கடல் கடந்து இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளையும் ஓயச் செய்தது. தென் மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்படவே, பஞ்சு வரவு குன்றியது. ஆலைகளையே நம்பியிருந்த நகரங்கள் பசியில் வாடின. நிவாரணம் நாடியோரைக் கல்லுடைக்கப் பணித்தனர். பணத்துக்குப் பதிலாகச் சீட்டுகள் தர முற்பட்டபோது, 1863 மார்ச்சில் ஸ்டேலிபிரிட்ஜ் நகரில் கலகம் வெடித்தது.

அவ்வாண்டே நாடாளுமன்றம் பொதுப்பணிச் சட்டம் இயற்றியது. அரசு தந்த கடனைக் கொண்டு நகராட்சிகள் சாலைகளும் கழிவுநீர்க் கால்வாய்களும் அமைத்தன; வேலையிழந்தோர் கூலி பெற்றனர். 1865-இல் திறக்கப்பட்ட ஓல்டாம் நகரின் அலெக்சாந்திரா பூங்கா அவர்தம் உழைப்பின் சின்னம்.

உதவி தாமதித்தே வந்தது, எல்லாரையும் எட்டவுமில்லை. எனினும், ஒரே தொழிலை நம்பிய ஊர் நலிவுறும்போது, கஞ்சியோடு கைகளுக்கு வேலையும் தருவதே மனித மாண்பைக் காக்கும் உதவி என்பதை அந்தப் பூங்கா இன்றும் உணர்த்துகிறது.