பூட்டிய கைபேசியும் தீர்ந்த கடனும்

கைபேசியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையும் திரையையும் பற்றியே எழுதுகின்றனர். அதனுள் கண்ணில் படாமல் கிடக்கும் ஒரு பூட்டைப் பற்றி எழுதியோர் குறைவு. அந்தப் பூட்டு இருப்பதே பலருக்கு நாடு மாறும்போதுதான் தெரியவருகிறது. ஹைதராபாதிலிருந்தோ புணேயிலிருந்தோ மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்லும் மாணவர் அங்குள்ள தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றிடம் தவணைக்குக் கைபேசி வாங்குகிறார். விடுமுறைக்கு வீடு திரும்பி இந்திய சிம் அட்டையைச் செருகுகிறார். அட்டையை ஏற்க இயலாது என்கிறது திரை. கருவியிலும் பழுதில்லை, அட்டையிலும் பழுதில்லை. பின் ஏன் இந்த மறுப்பு?

விடை தொழில்நுட்பத்தில் இல்லை, கடனில் இருக்கிறது. பூட்டு கடனுக்குப் பிணையாகப் பிறந்தது. கடன் தீர்ந்த பின்னும், சில நேரங்களில் கடனே இல்லாத போதும், அது எப்படி நீடித்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய வரலாறு.

சிம் அட்டையின் தோற்றத்திலிருந்து தொடங்குவோம். 1991இல் ஜெர்மனியின் கீஸெக்கெ அண்ட் டெவ்ரியென்ட் நிறுவனம் பின்லாந்தின் ரேடியோலின்யாவுக்கு முதல் 300 சிம் அட்டைகளை விற்றது. ஐரோப்பாவின் ஜி.எஸ்.எம். முறையை வகுத்தவர்களின் நோக்கம் தெளிவானது: சந்தாதாரரின் அடையாளம் ஓர் அட்டையில் இருக்க வேண்டும், கருவி எதுவாகவும் இருக்கலாம். அட்டையை எடுத்து வேறு கருவியில் செருகினால் எண்ணும் உடன் வர வேண்டும். எல்லைகள் நெருங்கிக் கிடக்கும் கண்டத்தில் பயணியின் வசதிக்காகவே இந்தப் பிரிப்பு நிகழ்ந்தது. ஆனால் அதே ஜி.எஸ்.எம். விதிகளின் தொகுப்பிலேயே கருவியைக் குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் அட்டைக்கு மட்டும் கட்டிப்போடும் வழியும் இடம்பெற்றது. பிரித்துவைத்ததை மீண்டும் பிணைக்கும் கயிறு அது.

பூட்டு இயங்கும் விதம் எளியது. ஒவ்வொரு சிம் அட்டையிலும் சந்தாதாரரைக் குறிக்கும் எண் ஒன்று உண்டு. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405 என்பவை. அமெரிக்காவின் எண்கள் 310இல் தொடங்குகின்றன. அடுத்து வரும் இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். கருவி விழித்தவுடன் இந்த எண்ணைத் தன்னுள் பதிந்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் சேவை, பொருந்தாவிட்டால் மறுப்பு. வேறெந்த மாயமும் இல்லை.

இதை ஏன் செய்தார்கள்? அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நிறுவனங்கள் கைபேசியை அடக்க விலைக்கும் கீழே விற்று, இரண்டாண்டு ஒப்பந்தத்தின் மாதக் கட்டணத்தில் அந்த இழப்பை ஈடுகட்டின. வாடிக்கையாளர் பாதியில் போட்டி நிறுவனத்துக்குப் போய்விடாமல் தடுக்கப் பூட்டு வந்தது. இதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம் ஊரில் கடனுக்கு வாங்கிய வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயர் ஏறுகிறது. கடைசித் தவணை கட்டியதும் வங்கி தடையில்லாச் சான்று தர, அந்தப் பெயர் நீக்கப்படுகிறது. ஆனால் கடன் நிலுவையில் இருக்கும்போதும் அந்த வண்டி எல்லாச் சாலைகளிலும் ஓடும். கடன் கொடுத்தவர் போட்ட சாலையில் மட்டுமே ஓடுவேன் என்று அது அடம்பிடிப்பதில்லை. கைபேசிப் பூட்டு செய்தது அதைத்தான்.

கருவி யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு கைபேசிக்கும் முந்தியது. இந்தியாவில் நெடுங்காலம் வீட்டிலிருந்த கறுப்புத் தொலைபேசி அஞ்சல் தந்தித் துறையின் உடைமை. சந்தாதாரர் அதன் பயனாளர் மட்டுமே. அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனமும் அவ்வாறே தன் கருவியில் அந்நியப் பொருள் எதையும் இணைக்கக் கூடாதென விதித்திருந்தது. பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமலிருக்க வாய்ப்பகுதியில் மாட்டும் 'ஹஷ்-எ-ஃபோன்' என்ற சாதாரண மூடிக்கும் தடை கோரியது. 1956இல் நீதிமன்றம் அந்தத் தடையை ஏற்கவில்லை. பின்னர் டெக்ஸாஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர், இருவழி வானொலியைத் தொலைபேசியோடு இணைக்கும் 'கார்ட்டர்ஃபோன்' கருவிக்காகப் போராடினார். 1968இல் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் அவருக்குச் சார்பாக முடிவு சொன்னது: வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத கருவியை இணைக்கும் உரிமை பயனாளருக்கு உண்டு. பிற நிறுவனங்களின் தொலைபேசிகளும் மோடங்களும் பரவியதற்கு அந்த முடிவு வழிவிட்டது. ஆயினும் கம்பியில்லாத் தொலைபேசி வந்தபோது இந்தக் கொள்கை அதற்குப் பொருத்தப்படவில்லை. கம்பியில் வென்ற உரிமையைக் காற்றலையில் மீண்டும் கேட்டுப் பெற வேண்டியதாயிற்று.

முதலில் வழி திறந்தவர்கள் சட்டத்தாரல்லர், கடைக்காரர்கள். பழைய நோக்கியா கருவிகள் பலவற்றின் திறப்பெண், கருவியின் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் நிறுவனத்தின் குறியீட்டையும் கொண்டு கணக்கிடப்பட்டதாகும். கணக்கீட்டு முறை வெளியே கசிந்ததும் அதைச் செய்துதரும் நிரல்கள் உலகெங்கும் பரவின. டெல்லி கஃபார் மார்க்கெட் போன்ற இடங்களில் வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பூட்டிய கருவிகளைத் திறப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. திறந்த பின்னும் ஒரு தடை இருந்தது. இந்தியாவின் ஜி.எஸ்.எம். சேவை 900, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்கியது; அமெரிக்காவில் 850, 1900. இரண்டையும் ஏற்கும் கருவிகள் பெருகிய பிறகே பூட்டுத் திறப்புக்கு முழுப் பயன் கிட்டியது.

2007 ஜூன் 29 அன்று ஐபோன் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்துக்கு மட்டும் பூட்டப்பட்டு வெளிவந்தது. இரண்டே மாதத்தில், நியூ ஜெர்சியைச் சேர்ந்த 17 வயது ஜார்ஜ் ஹாட்ஸ் அதைத் திறந்துகாட்டினார். அதே ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் வோடஃபோன் தொடுத்த வழக்கில் இடைக்காலத் தடை பிறக்க, டி-மொபைல் சிறிது காலம் பூட்டில்லாத ஐபோனையும் விற்க நேர்ந்தது. ஒப்பந்தத்தோடு 399 யூரோ. பூட்டின்றி 999 யூரோ. பூட்டுக்கும் ஒப்பந்தத்துக்கும் நிறுவனம் வைத்திருந்த மதிப்பு எவ்வளவு என்பது அப்போது விலைச்சீட்டிலேயே தெரிந்தது.

அமெரிக்காவில் பூட்டைத் திறப்பது காப்புரிமைச் சிக்கலாக மாறியது விந்தையானது. 1998ஆம் ஆண்டின் டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம் மென்பொருளைக் காக்கும் தடைகளை உடைப்பதைத் தடுத்தது. திரைப்படத்தையும் இசையையும் மனத்தில் வைத்து எழுதிய விதி, கைபேசியின் உள்மென்பொருளுக்கும் பொருந்திவிட்டது. விலக்களிக்கும் பொறுப்பு காங்கிரஸ் நூலகத்தின் தலைவரிடம் இருந்தது. 2006இலும் 2010இலும் விலக்குக் கிடைத்தது. 2012 அக்டோபரில் அது சுருக்கப்பட்டு, 2013 ஜனவரி 26க்குப் பின் வாங்கும் கருவிகளுக்கு விலக்கில்லை என்றாயிற்று. தன் பணத்தில் வாங்கிய கருவியை நிறுவனத்தின் அனுமதியின்றித் திறப்பவர் சட்டத்தை மீறியவராகும் நிலை வந்தது. ஆதாயத்துக்காகச் செய்தால் சிறைத் தண்டனைக்கும் இடமிருந்தது.

சினா கனிஃபர் தொடங்கிய மனுவில் 1,14,000 பேருக்கு மேல் ஒப்பமிட்டனர். அமெரிக்கர் தம் கைபேசியைத் தண்டனை அச்சமின்றித் திறக்க இயல வேண்டும் என 2013 மார்ச்சில் வெள்ளை மாளிகை ஒப்புக்கொண்டது. 2014 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ஒபாமா கையொப்பமிட்ட சட்டம் அந்த விலக்கை மீட்டது. ஆனால் அச்சட்டம் திறப்பவரைக் காத்ததே தவிர, திறந்துதருமாறு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அதை 2013 டிசம்பரில் பெருநிறுவனங்கள் தாமே ஏற்ற உறுதிமொழிக்கு விட்டுவிட்டது. கடன் தீர்ந்த வாடிக்கையாளருக்குத் திறந்துதருவதாக அவை சொன்னதோடு, வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பப்படும் படைவீரருக்குத் தனிச் சலுகையும் அறிவித்தன. எல்லை தாண்டுவோரின் துன்பத்தை அவை அறியாமல் இல்லை என்பதற்கு இதுவே சான்று.

இனி இந்தியாவுக்கு வருவோம். இங்கே சேவையும் கருவியும் தொடக்கத்திலிருந்தே பெரும்பாலும் தனித்தனியாக விற்கப்பட்டன. முன்பணம் கட்டிப் பேசும் மக்களிடம் இரண்டாண்டு ஒப்பந்தம் எடுபடவில்லை. எனவே பூட்டும் வேர்விடவில்லை. விலக்காக நிற்கும் மூன்று நிகழ்வுகள் பூட்டின் மூன்று முகங்களைக் காட்டுகின்றன.

முதலாவது, 2003இல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்கு அளித்த சி.டி.எம்.ஏ. கைபேசி. அதில் சிம் அட்டையே கிடையாது. எண் கருவிக்குள்ளேயே எழுதப்பட்டது. கைபேசி வாங்க வசதியற்றிருந்த பல குடும்பங்களின் கையில் முதன்முறையாகக் கருவி வந்ததும் இதனால்தான். மூன்றாவது, 2017இன் ஜியோஃபோன். திருப்பித் தரும் வைப்புத் தொகையாக 1,500 ரூபாய் பெற்று, ஜியோ அட்டையை மட்டுமே ஏற்கும்படி வழங்கினார்கள். இவ்விரண்டிலும் நிறுவனம் எதையோ கொடுத்தது. அதற்கு ஈடாகக் கட்டியது.

நடுவில் நிற்பது 2008 ஆகஸ்ட் 22 அன்று ஏர்டெல், வோடஃபோன் வழியாக வந்த ஐபோன் 3ஜி. அமெரிக்காவில் ஒப்பந்தத்தோடு 199 டாலருக்கு விற்ற அதே கருவிக்கு இங்கே 31,000 ரூபாய். சலுகையும் இல்லை, தவணைக் கடனும் இல்லை. ஆயினும் பூட்டு இருந்தது. பிணை கேட்கக் கடனே இல்லாத இடத்தில் பிணை மட்டும் வாங்கப்பட்டது. பூட்டு கடனைக் காக்கும் கருவி என்ற வாதம் இந்த ஒரு நிகழ்வில் நிற்க முடியாமல் போகிறது.

பிற நாடுகள் மெல்ல இதை உணர்ந்தன. கனடா 2017 டிசம்பர் முதல் திறப்புக் கட்டணத்தையும் பூட்டிய விற்பனையையும் தடுத்தது. பிரிட்டனும் ஜப்பானும் 2021இல் அவ்வழி சென்றன. அமெரிக்கா இன்னும் முழுமையாக வரவில்லை. இதனிடையே திறவுகோலின் இருப்பிடமும் மாறிவிட்டது. நோக்கியா காலத்தில் அது கருவியின் கணக்கில் இருந்தது, சந்தைக்கடைக்காரருக்கு எட்டியது. இன்று அது நிறுவனத்தின் சர்வரில் ஒரு பதிவாக இருக்கிறது. 2022 முதல் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் அட்டை செருகும் இடமே இல்லை, இ-சிம் மட்டும்தான். இ-சிம் வந்ததால் பூட்டு போய்விட்டதென்று சிலர் எண்ணுகின்றனர். அட்டை மறைந்தது, பூட்டு அப்படியே இருக்கிறது.

ஆகவே அங்கிருந்து கருவி வாங்கிவருவோர் கேட்க வேண்டியதைப் புறப்படும் முன்பே கேட்பது நல்லது. ஐபோனின் அமைப்புகளில், கருவியைப் பற்றிய பக்கத்தில், சிம் கட்டுப்பாடு உண்டா இல்லையா என ஒரு வரி இருக்கும். கட்டுப்பாடு இருந்தால் தவணையைத் தீர்த்து, விற்ற நிறுவனத்திடமே திறக்கச் சொல்ல வேண்டும். ஊருக்கு வந்தபின் அந்தப் பதிவை மாற்றும் அதிகாரம் இங்குள்ள எந்தக் கடைக்கும் இல்லை.

கடன் கொடுத்தவர் பிணை கேட்பது உலக வழக்கம். கடன் தீர்ந்த அன்றே பிணையைத் திருப்பித் தருவதும் அதே வழக்கத்தின் மறுபாதி. அடகுக் கடையில் மீட்ட நகைக்காக எவரும் மனுப் போடுவதில்லை. கைபேசி வாங்கியோர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பத்தோடு மனுப் போட வேண்டியிருந்தது.