தென்காசி வட்டாரப் பால் வணிகமும் தரக்கட்டுப்பாடும்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் கறக்கப்படும் பால் இரண்டு வழிகளில் சந்தைக்குச் செல்கிறது. ஒரு பகுதி கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக ஆவினுக்கும், மற்றொரு பகுதி தனியார் டேங்கர் லாரிகளில் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்கும் போய்ச் சேர்கிறது. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசி மாநில எல்லையில் அமைந்திருப்பதால், பாலின் தரத்தை யார், எந்த இடத்தில், எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்ற கேள்வி பிற மாவட்டங்களைவிட இங்கே கூர்மையாக எழுகிறது.

தமிழகத்தில் பால்வள மேம்பாட்டுத் துறை 1958இல் தோற்றுவிக்கப்பட்டது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1946இல் உருவான முன்மாதிரியைத் தழுவி, கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்னும் மூன்றடுக்கு அமைப்பு பின்னர் இங்கும் வேரூன்றியது. ஆவின் என்ற வணிகப் பெயரில் பால் விற்கும் மாநில இணையம் 1981இல் செயல்படத் தொடங்கியது.

சங்கத்தில் பாலுக்குத் தரப்படும் விலை, கொழுப்பையும் கொழுப்பு நீங்கிய திடச்சத்தையும் (புரதம், பால் சர்க்கரை, தாதுக்கள் ஆகியவற்றின் தொகுப்பு) சார்ந்தது. பசும்பாலுக்கு 4.3 விழுக்காடு கொழுப்பும் 8.2 விழுக்காடு திடச்சத்தும் அடிப்படை அளவாகக் கொள்ளப்படுகின்றன. 2022 நவம்பரில் லிட்டருக்கு 35 ரூபாயான கொள்முதல் விலையுடன், 2023 டிசம்பர் முதல் 3 ரூபாய் ஊக்கத்தொகையும் சேர்ந்தது. கந்தக அமிலமும் அமைல் ஆல்கஹாலும் சேர்த்துச் சுழற்றிக் கொழுப்பைப் பிரித்துக் காணும் கெர்பர் முறையும், பாலின் அடர்த்தியைக் காட்டும் பால்மானியும் நெடுங்காலம் பயன்பட்டன. இப்போது மின்னணுப் பகுப்பாய்வுக் கருவிகள் அந்த வேலையை நொடிகளில் முடித்துவிடுகின்றன. ஆயினும் இச்சோதனைகள் அளப்பது பாலின் செறிவைத்தானே தவிர அதன் தூய்மையை அன்று.

ஆலையில் பால் 72 பாகை செல்சியஸில் 15 நொடிகள் சூடாக்கப்பட்டு, 4 பாகைக்குக் குளிர்விக்கப்பட்டு, கொழுப்பின் அளவு சீராக்கப்பட்டு உறையிடப்படுகிறது. நீல உறையில் 3 விழுக்காடு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6 என்று கொழுப்பின் அளவை நிறத்தாலேயே உணர்த்துவது ஆவினின் விற்பனை முறை. ஆகவே கொழுப்பில் செய்யும் சிறு மாற்றமும் விலை மாற்றமாகவே பார்க்கப்படுகிறது, 3.5 விழுக்காட்டு ஊதா உறைப் பாலை 2023இல் பச்சை உறையின் விலையான 44 ரூபாய்க்கே முன்னிறுத்தியபோது எழுந்த எதிர்ப்பு இதற்குச் சான்று. குற்றாலத்தில் சாரல் காலத்தில் பெருகும் தேநீர்க்கடைத் தேவையும், ஆவணி மாதம் ஓணத்தை ஒட்டிக் கேரளத்தில் எழும் தேவையும் இவ்வட்டாரப் பாலுக்கான பருவகாலச் சந்தைகளாகும்.

ஓண நாட்களில் வரும் பாலைச் சோதிக்கக் கேரளப் பால்வளத் துறை எல்லைகளில் தனி ஆய்வு ஏற்பாடுகளைச் செய்கிறது. ஆண்டு முழுவதும் இயங்கும் ஆரியங்காவு சோதனைச் சாவடியில் 2023 ஜனவரி 11 அன்று, தென்காசிப் பகுதியிலிருந்து பந்தளத்துக்குச் சென்ற 15,300 லிட்டர் பால் தடுத்து நிறுத்தப்பட்டது. பால் கெடுவதைத் தள்ளிப்போடச் சேர்க்கப்படும், இந்தியச் சட்டம் அனுமதிக்காத ஹைட்ரஜன் பெராக்சைடு அதில் இருப்பதாகச் சாவடியின் முதற்கட்டச் சோதனை காட்டியது. நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் பெற்ற உணவுப் பாதுகாப்புத் துறையின் ஆய்வகமோ அதைக் கண்டறியவில்லை. மாதிரி எடுக்கத் தாமதமானதே காரணம் என்று பால்வளத் துறைத் தரப்பு கூறியது. இந்த வேதிப்பொருள் நேரம் செல்லச் செல்ல நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதையக்கூடியது என்பதால் அவ்விளக்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அதே வேளையில் விரைவுச் சோதனை ஒன்றை மட்டும் வைத்துக் கலப்படம் உறுதியானதாகவும் கொள்ள முடியாது.

கலப்படம் பற்றிய அச்சம் மற்றொரு சிக்கலை மறைத்துவிடுவதும் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018இல் நாடு முழுவதும் திரட்டிய 6,432 மாதிரிகளில், உடல்நலத்துக்குக் கேடான கலப்படம் 12இல் மட்டுமே இருந்தது. ஆனால் அஃப்லாடாக்சின் எம்1 என்னும் பூஞ்சை நச்சு 368 மாதிரிகளில் வரம்பை மீறியிருந்தது. தமிழகத்தில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அவ்வகையின, எண்ணிக்கை அளவில் மாநிலங்களில் இதுவே மிகுதி. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த பிண்ணாக்கும் தீவனமும் வழியாக மாட்டுக்குள் செல்லும் நச்சு, பாலில் இவ்வடிவில் வெளிப்படுகிறது. காய்ச்சுவதாலும் அது அழிவதில்லை. பால்மானியோ கெர்பர் சோதனையோ இதைக் காட்டாது என்பதால், பிண்ணாக்கு மூட்டையை உலர்வாக வைத்திருப்பதும் தீவனத்தைச் சோதிப்பதுமே இதற்கான முதற்கட்டத் தரக்கட்டுப்பாடாக அமைகின்றன.