வலைக்கு மேலே ஒரு தழுவல்

லூக்கா குவாடக்னினோவின் ‘சாலஞ்சர்ஸ்’ (2024) படத்தைப் பார்த்த நண்பர்கள் பலரும் ஒரே குரலில் சொன்னது இதுதான்: ‘கடைசியில ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சுக்கிறாங்க பாருங்க, அதுதான் படம்.’ ஒத்துக்கொள்கிறேன், அதுதான் படம். ஆனால் அந்தத் தழுவலுக்கு விலை கொடுத்தது யார் என்ற கேள்விக்குப் பாதி பதில்தான் படத்திற்குள் இருக்கிறது. மீதியை டென்னிஸின் வரலாற்றில்தான் தேட வேண்டும்.

கதை தெரியாதவர்களுக்காக: ஆர்ட், பாட்ரிக் என இரண்டு வெள்ளைப் பையன்கள். பன்னிரண்டு வயதிலிருந்து விடுதி அறைத் தோழர்கள், இரட்டையர் ஆட்டக் கூட்டாளிகள். 2006இல் டாஷி என்ற கருப்பினப் பெண்ணைச் சந்திக்கிறார்கள். மூவரில் பெரிய ஆட்டக்காரி அவள்தான். ஓட்டல் அறையில் மூவரும் முத்தமிட்டுக்கொள்ளும்போது அவள் மெல்லப் பின்னால் சாய்ந்துகொள்கிறாள். பையன்கள் இருவரும் ஒருவரையொருவர் முத்தமிட்டுக்கொண்டிருக்க, பார்த்துச் சிரிக்கிறாள். பிறகு கல்லூரியில் அவள் முழங்கால் முறிகிறது. 2019இல் அவள் ஆர்ட்டின் மனைவி, அவனுடைய பயிற்சியாளர். நியூ ரோஷெல் என்ற ஊரில், டயர்க் கடை ஒன்றின் விளம்பரத்தில் நடக்கும் சின்னப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் நண்பர்கள் இருவரும் மோதுகிறார்கள். டாஷி வலைக்கு நேரே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

கோட்பாடு படித்தவர்களுக்கு இந்த முக்கோணம் பழகியதுதான். நாம் ஒன்றை நேரடியாக விரும்புவதில்லை, இன்னொருவன் விரும்புவதைப் பார்த்தே விரும்புகிறோம் என்று ரெனே ஜிரார் 1961இல் எழுதினார். 1985இல் ஈவ் செட்ஜ்விக் அதைத் திருப்பிப் போட்டார்: முக்கோணத்தின் பலமான கோடு ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் இல்லை, இரண்டு ஆண்களுக்கு இடையில் இருக்கிறது, பெண் அந்தப் பிணைப்பு ஓடும் பாதை மட்டுமே. குவாடக்னினோ இதைத் தெரிந்தே செய்திருக்கிறார். ஒளிந்துகிடந்த கோட்டை வெளிச்சத்தில் வைத்து, அதை வெட்கமில்லாமல் ரசிக்கவும் விடுகிறார்.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. காட்ஃபிரீட் ஃபொன் கிராம் என்ற ஜெர்மன் ஆட்டக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். 1935, 36, 37 என்று தொடர்ந்து மூன்று விம்பிள்டன் இறுதி ஆட்டங்களில் தோற்றவர். 1937 ஜூலையில் டேவிஸ் கோப்பைக்காக அமெரிக்கர் டான் பட்ஜோடு அவர் ஆடிய ஐந்து செட் ஆட்டத்தை இன்றும் பேசுகிறார்கள். அதிலும் தோற்றார். மறுவருஷம் மார்ச்சில் நாஜி அரசு அவரைக் கைது செய்தது. குற்றம்: சட்டப் பிரிவு 175, அதாவது ஆண் ஆணை விரும்பியது. அவர் காதலித்த மனாஸ்ஸே ஹெர்ப்ஸ்ட் யூதர் வேறு. அவருக்காக விளையாட்டு வீரர்களிடம் கையெழுத்து வாங்கி ஹிட்லருக்குக் கடிதம் அனுப்பியவர் அதே டான் பட்ஜ். வலைக்கு இரண்டு பக்கமும் நின்ற ஆண்களுக்கிடையே இப்படியும் ஒரு உறவு இருந்திருக்கிறது. ஆக, 2024இல் இரண்டு ஆண்கள் வலைக்கு மேலே பாய்ந்து தழுவிக்கொள்வதைப் பார்த்து ஒருவர் கண் கலங்கினால் நான் கேலி செய்ய மாட்டேன்.

என் சங்கடம் வேறு இடத்தில். இந்தப் படத்தின் விதை எது தெரியுமா? 2018 அமெரிக்க ஓப்பன் பெண்கள் இறுதி ஆட்டம். பயிற்சியாளர் அரங்கிலிருந்து சைகை காட்டினார் என்று நடுவர் செரினா வில்லியம்சை எச்சரித்தார். வாக்குவாதம் முற்றி ஒரு கேமையே பறித்தார். அதைப் பார்த்தபோதுதான், இத்தனை பெரிய அரங்கில் ஆடுகிறவருக்கும் இன்னொரே ஒருவருக்கும் இடையில் மட்டும் ரகசியம் ஓடினால் எப்படி இருக்கும் என்று தோன்றியதாகத் திரைக்கதை எழுதிய ஜஸ்டின் குரிட்ஸ்கெஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கவனியுங்கள்: விதை, இரண்டு பெண்கள் ஆடிய ஆட்டத்தில் ஒரு கருப்பினப் பெண்ணின் ஆத்திரம். விளைந்தது, இரண்டு வெள்ளை ஆண்களின் தழுவல். நடுவில் எங்கோ அந்தப் பெண் ஆடுகளத்திலிருந்து கிளம்பி இருக்கைக்குப் போய்விட்டாள்.

டென்னிஸில் இந்த இடமாற்றம் புதிதல்ல. 1874இல் மேஜர் விங்ஃபீல்ட் காப்புரிமை வாங்கி, வலையும் மட்டையும் பந்தும் வைத்துப் பெட்டியில் விற்ற விளையாட்டு இது. வாங்கியவர்கள் வீட்டு முன்னால் புல்வெளி வைத்திருந்தவர்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடலாம் என்பது அதன் கவர்ச்சிகளில் ஒன்று. பெண் பார்க்கும் படலமும் அதே புல்வெளியில் நடந்தது. 1877இல் விம்பிள்டன் தொடங்கியபோது ஆண்கள் மட்டும். பெண்களுக்கு 1884 வரை காத்திருப்பு. 1968 வரை அங்கே பரிசுப் பணமே கிடையாது. ‘அமெச்சூர்’ என்ற சொல்லுக்கு லத்தீன் வேரில் ‘நேசிப்பவன்’ என்று பொருள். காசுக்காக இல்லாமல் நேசத்துக்காக ஆடு என்றார்கள். சோத்துக்குக் கவலை இல்லாதவன் சொல்லக்கூடிய தத்துவம் இது. படத்தில் காருக்குள் தூங்கும் பாட்ரிக்கும் உண்மையில் பணக்கார வீட்டுப் பையன்தான். அவன் வறுமையை வாடகைக்கு எடுத்திருக்கிறான்.

ஆல்தியா கிப்சனுக்கு அந்த வசதி இல்லை. 1927இல் தென் கரோலினாவில் குத்தகை விவசாயிகளின் மகளாகப் பிறந்து, நியூயார்க்கின் ஹார்லெம் தெருவில் கட்டை மட்டையால் ஆடிப் பழகியவர். 1950 வரை அமெரிக்க தேசியப் போட்டிக்குள் கருப்பினத்தவர் எவரும் நுழைய முடியவில்லை. முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள், வெள்ளைக்காரர், பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதி வெட்கப்படுங்கள் என்ற பிறகே கதவு திறந்தது. 1955இல், பதினாலு வயது எம்மட் டில் மிசிசிப்பியில் அடித்துக் கொல்லப்பட்டு உலகமே அமெரிக்காவைக் காறித் துப்பிய நேரத்தில், அந்த நாட்டு வெளியுறவுத் துறை கிப்சனை ஆசியச் சுற்றுப்பயணம் அனுப்பியது. பாருங்கள், எங்கள் கருப்பினப் பெண் எப்படி ஆடுகிறாள் என்று காட்டுவதற்காக! அந்தப் பயணத்தில்தான், நம் இந்தியாவில், இங்கிலாந்தின் ஆஞ்சலா பக்ஸ்டன் அவருக்குப் பழக்கமானார். பக்ஸ்டன் யூதப் பெண். இருவருக்குமே ஜோடி சேர ஆள் கிடைப்பது கஷ்டம், ஆகவே ஜோடியானார்கள்.

1956 பிரெஞ்சுப் போட்டியின் ஒற்றையர் அரையிறுதியில் இருவரும் எதிரெதிரே. ஆட்டத்தின் நடுவில் பக்ஸ்டனின் பிரா வார் அறுந்துவிட்டது. கிப்சன் மட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, கூட்டத்தின் கண்ணிலிருந்து மறைக்க, எதிராளியைக் கட்டி அணைத்துக்கொண்டார். பிறகு ஆடி ஜெயித்தார்; கோப்பையையும் வென்றார். அந்த வருஷமே பாரிசிலும் விம்பிள்டனிலும் இருவரும் இரட்டையர் பட்டம் வாங்கினார்கள். விம்பிள்டன் நடத்தும் கிளப்பில் உறுப்பினராக விண்ணப்பித்தும் கடைசிவரை தன்னைச் சேர்க்கவில்லை என்று பக்ஸ்டன் சொல்லிவந்தார்.

1957இல் விம்பிள்டன் ஒற்றையர் கோப்பையை ராணி எலிசபெத் கையால் வாங்கினார் கிப்சன். நியூயார்க் தெருக்களில் காகித மழை. கையில் காசு? ஒன்றும் இல்லை. மறுவருஷமும் அதே பட்டங்களை வென்றுவிட்டு அமெச்சூர் டென்னிஸை விட்டார். பாடினார். 1959இல் ஜான் ஃபோர்டு படத்தில் அடிமைப் பணிப்பெண்ணாக நடித்தார்; கொச்சைப்படுத்தும் அடிமை பாஷையைப் பேச மாட்டேன் என்று மறுத்து, வசனத்தை மாற்ற வைத்தார். கூடைப்பந்துக் குழு ஒன்றின் ஆட்டத்துக்கு முன்னால் கூட்டத்துக்கு டென்னிஸ் ஆடிக் காட்டினார். 1995இல், நோயும் வறுமையுமாக, பக்ஸ்டனைத் தொலைபேசியில் அழைத்துத் தற்கொலை செய்துகொள்ளப்போவதாகச் சொன்னார். வாடகைக்கும் மருந்துக்கும் காசில்லை. பக்ஸ்டன் ஒரு டென்னிஸ் பத்திரிகை வழியாக உலகத்துக்கு இதைத் தெரியப்படுத்த, கடிதங்களோடு பணமும் வந்து குவிந்தது. கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர் என்கிறார்கள். கிப்சன் 2003 வரை வாழ்ந்தார்.

இந்த இரண்டு பெண்களுக்கு இடையில் இருந்ததற்கு என்ன பெயர் வைப்பது? நட்பு என்கிறோம். போட்டியும் அதற்குள் இருந்தது. வேட்கை இருந்ததா என்று துருவுவது என் வேலை அல்ல. ஆனால் இதற்குப் படம் எடுக்க ஏன் அதிகம் பேருக்குத் துடிப்பு வரவில்லை என்று கேட்கலாம் அல்லவா? இங்கே முக்கோணம் இல்லை, நடுவே பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆள் இல்லை. ஜிராரின் கணக்குக்கு இது அடங்காது.

டாஷியின் நிறத்தைப் பற்றிப் படம் ஓரிரு கிண்டல் வாக்கியங்களுக்கு மேல் பேசுவதில்லை. ஆனால் ஜெண்டயாவின் முகம் பேசுகிறது. கடைசித் தழுவலின்போது இருக்கையிலிருந்து எழுந்து அவள் போடும் கத்தல், 2006இல் தானே ஜெயித்தபோது போட்ட அதே கத்தல். அடுத்தவன் உடம்பு வழியாகத்தான் அவளுக்கு அது திரும்பக் கிடைக்கிறது. இயக்குநருக்கு இது தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். அதனால்தான் படத்தை முழுசாகத் தள்ளிவிடவும் முடியவில்லை.

படத்தின் நியூ ரோஷெல் ஆட்டம் நடப்பது 2019 அமெரிக்க ஓப்பனுக்குச் சற்று முன்னால். அந்த நிஜமான ஓப்பன் தொடங்கிய ஆகஸ்ட் 26 அன்று ஃப்ளஷிங் மைதானத்தில் ஆல்தியா கிப்சனுக்குக் கருங்கல் சிலை திறந்தார்கள். விழாவில் 85 வயது பக்ஸ்டனும் இருந்தார், மறுவருஷம் இறந்தார். 2006இல் டாஷி அடித்து நொறுக்குகிறாளே, அந்த எதிராளிப் பெண், அவள் அந்த ஒரு ஆட்டத்துக்குப் பிறகு படத்தில் வரவே இல்லை.