க்ளென்பக்கில் பிறந்த பில் ஷாங்க்லி

ஸ்காட்லாந்தின் அயர்ஷயரில் க்ளென்பக் என்றொரு நிலக்கரிச் சுரங்க ஊர் இருந்தது. நல்ல காலத்திலும் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். அங்கிருந்து ஏறத்தாழ ஐம்பது பேர் தொழில்முறைக் கால்பந்துக்குப் போனார்கள். ‘செர்ரிபிக்கர்ஸ்’ என்ற ஊர் அணிதான் அவர்களை வளர்த்தது. சுரங்கங்கள் மூடப்பட, 1930களின் தொடக்கத்தில் அணியும் கலைந்தது. வீடுகள் ஒவ்வொன்றாய்க் காலியாகின. பின்னாளில் வந்த திறந்தவெளிச் சுரங்கம் மிச்சமிருந்ததையும் விழுங்கிவிட்டது.

1913இல் அந்த ஊரில், பத்துப் பிள்ளைகள் இருந்த வீட்டில் பிறந்தவர் பில் ஷாங்க்லி. அண்ணன் தம்பிகள் ஐவருக்குமே கால்பந்துதான் பிழைப்பானது. பதினான்கு வயதில் பள்ளியை விட்டுச் சுரங்க வேலைக்குப் போனார் பில். சுரங்கம் மூடியதும் அந்த வேலையும் போயிற்று. 1932இல் கார்லைல் யுனைடெட் அவரை எடுத்தது. மறு ஆண்டு பிரஸ்டன் நார்த் எண்ட். அவர் ஆடியது ரைட் ஹாஃப், அதாவது தடுக்கவும் வேண்டும், பந்தை முன்னே கொண்டுபோகவும் வேண்டும் என்ற நடுக்களப் பொறுப்பு. 1938இல் பிரஸ்டன் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. கூடுதல் நேரமும் முடியப்போகும் தறுவாயில் கிடைத்த ஒரு பெனால்டிதான் வெற்றியைத் தந்தது. அடுத்த ஆண்டே போர் வந்து, அவருடைய நல்ல ஆட்டக்காலத்தைத் தின்றது.

1949இல் மேலாளரானார். கார்லைல், கிரிம்ஸ்பி, வொர்க்கிங்டன், ஹடர்ஸ்ஃபீல்டு என்று பத்தாண்டு.

1959 டிசம்பரில் அவர் வந்தபோது லிவர்பூல் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. மெல்வுட் பயிற்சித் திடலில் புதர் மண்டியிருந்தது. ஷாங்க்லியின் உண்மையான சாதனை தொடங்கியது அந்தத் திடலில்தான். மேடைப் பேச்சுக்காக மட்டும் அவரை நினைவுகூர்வது போதாது. வீரர்கள் கிளப்பின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் உடை மாற்றிக்கொண்டு பஸ்ஸில் மெல்வுட் போவார்கள். பயிற்சி முடிந்ததும் அங்கே குளிக்கக் கூடாது. அதே பஸ்ஸில் திரும்பி, உடம்புச் சூடு தணிந்த பிறகே குளியல். காயங்கள் குறைய இதுவும் ஒரு காரணம் என்று அவர் உறுதியாக நம்பினார். 1965-66 பருவத்தில் வெறும் 14 வீரர்களை வைத்தே லிவர்பூல் லீக் பட்டம் வென்றது.

மெல்வுட்டில் மரப்பலகைச் சுவர்களால் அடைத்த ஓர் இடமும் இருந்தது. நடுவே நிற்கும் வீரர் பந்தைப் பலகையில் அடிப்பார். அது திரும்பி வரும். நிறுத்தி, திரும்பி, அடுத்த பலகையில் அடிக்க வேண்டும். சில நிமிடத்திலேயே மூச்சு வாங்கிவிடும்.

1962இல் அணி முதல் டிவிஷனுக்கு ஏறியது. அதே ஆண்டு அண்ணன் பாப் ஷாங்க்லியின் டண்டீ, ஸ்காட்லாந்து லீக்கை வென்றது. ஒரே வீட்டுக்கு இரட்டைக் கொண்டாட்டம்! 1964, 1966, 1973 என மூன்று லீக் பட்டங்கள், 1965இல் லிவர்பூலின் முதல் எஃப்.ஏ. கோப்பை, 1973இல் யூஈஎஃப்ஏ கோப்பை. 1974இல் மீண்டும் எஃப்.ஏ. கோப்பையை வென்ற கையோடு, யாரும் எதிர்பாராத நேரத்தில் விலகினார்.

வந்த புதிதில் அவர் செய்த ஒரு காரியத்தின் அருமை அதன்பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. ஏற்கெனவே கிளப்பில் இருந்த பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன் போன்ற பயிற்சியாளர்களை அவர் வெளியே அனுப்பவில்லை. பூட்ஸ் வைக்கும் சிறிய அறையில் கூடி ஆட்டத்தை அலசிப் பழகியவர்கள் அவர்கள். ஷாங்க்லிக்குப் பின் மேலாளரான பெய்ஸ்லி 1977, 1978, 1981 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். 1984இல் ரோம் நகரில், ரோமா அணியையே வீழ்த்தி, பெய்ஸ்லிக்கு அடுத்து வந்த ஃபேகனும் அதை வென்றார்.