குழந்தையுடன் வேறு ஊருக்குப் போன துணை... மற்றவருக்கு என்ன உரிமை? சட்டம் சொல்வது இதுதான்!

கணவன், மனைவி தகராறில் ஒருவர் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டால், மற்றவரின் உரிமை போய்விடுமா? போகாது. ஆனால் தாமதம் செய்யக் கூடாது.

எங்கே மனு போடுவது?

1890-ம் ஆண்டு பாதுகாவலர் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். கோவையில் படிக்கும் குழந்தையைத் திடீரென மதுரைக்குக் கூட்டிட்டுப் போனதால் மட்டுமே அந்த ஊர் மாறிடாது. ஆனால் அங்கேயே பள்ளியில் சேர்ந்து மாதக்கணக்கில் ஆகிவிட்டால், கோவையில் வழக்கு நடத்துவது சிக்கலாகலாம்.

குழந்தை யாரிடம் இருக்கும்?

இந்துக்களுக்கான 1956-ம் ஆண்டு சட்டப்படி, 5 வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கும். ஆனாலும் குழந்தையின் நலன்தான் முக்கியம். விவரம் தெரிந்த வயது என்றால், குழந்தையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம்.

பார்க்கவே விடலைன்னா?

வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தையைச் சந்திக்க இடைக்கால உத்தரவு கேட்கலாம். தொலைவில் இருக்கும் பெற்றோருக்கு போன், வீடியோ கால் மூலம் குழந்தையுடன் பேசும் உரிமை தர வேண்டும் என 2020-ல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

வெளிநாட்டிலிருந்து கூட்டி வந்தால்?

குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதற்கான 1980-ம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. எனவே வெளிநாட்டு நீதிமன்ற உத்தரவு இருந்தாலும், குழந்தைக்கு எது நல்லது என்பதை இந்திய நீதிமன்றமே பார்த்து முடிவெடுக்கும்.