பொறியும் பாட்டும்

ரேடியோவைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் பள்ளிக்கூடத்துப் பையன் மார்க்கோனி என்பான். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர் ஹெர்ட்ஸ் என்பார். நம் நாட்டுப் பற்றாளர்கள் ஜகதீச சந்திர போஸ் என்பார்கள். மூவருக்கும் உரிய பெருமை உண்டு. அதைக் குறைக்க நான் வரவில்லை. ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்பே, 1879-ஆம் ஆண்டில், லண்டனில் ஒருவர் ரேடியோ அலையைக் காதால் கேட்டுவிட்டார். அவர் கேட்டது பாட்டல்ல, பேச்சல்ல. வீட்டுக்குள் இருந்த ஒரு மின்சாரக் கருவியின் கரகரப்பு. நம் பெரியவர்கள் ரேடியோப் பெட்டியைத் தட்டித் தட்டி எந்தச் சனியனை விரட்டப் பார்த்தார்களோ, அந்தச் சனியன்தான் முதலில் பிறந்தது. பாட்டு வெகு காலம் கழித்துத்தான் வந்தது.

அந்த மனிதரின் பெயர் டேவிட் எட்வர்ட் ஹியூஸ். இளமையில் அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்தில் சங்கீதம் கற்பித்தவர். பிறகு அச்செழுத்தில் செய்தி தரும் தந்திக் கருவியையும், 1878-இல் கரித்துண்டு மைக்ரோபோனையும் செய்து புகழ் பெற்றவர். ஒரு நாள் அவர் ஏதோ ஓர் ஆராய்ச்சிக் கருவியை இயக்கிக்கொண்டிருந்தபோது, அதோடு சேராமல் தனியே இருந்த டெலிபோன் குழலில் 'கிர்க், கிர்க்' என்று சத்தம் கேட்டது. தேடிப் பார்த்தார். கருவியில் ஓர் இணைப்பு தளர்ந்திருந்தது. அங்கே மின்சாரம் விட்டு விட்டுப் பாய்ந்தபோதெல்லாம் இங்கே சத்தம் எழுந்தது. நடுவில் கம்பி இல்லை.

வேறொருவர் என்றால் இணைப்பை முறுக்கிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். ஹியூஸ் சங்கீதக்காரர், காதை நம்புகிறவர். கருவியை வீட்டில் ஓடவிட்டு, குழலைக் காதில் வைத்துக்கொண்டு கிரேட் போர்ட்லண்ட் தெருவில் நடந்தார். சுமார் 500 கஜம் வரைக்கும் அந்தக் கரகரப்பு அவரைத் தொடர்ந்து வந்தது. 1880 பிப்ரவரியில் ராயல் சொசைட்டியின் பெரியவர்கள் அவர் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். அவர்களில் ஸ்டோக்ஸ் என்ற மகா கணித மேதை, "இது புதிதல்ல, பழைய மின் தூண்டல்தான்" என்ற அபிப்பிராயத்தைச் சொன்னார். ஹியூஸ் மனம் உடைந்து, தாம் கண்டதை வெளியிடாமல் வைத்துக்கொண்டார். 1899-இல்தான் கதை வெளியே வந்தது. மறு வருஷம் அவர் காலமானார்.

இடையில் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் 1887-லும் 1888-லும் ஒரு தீப்பொறியால் மின்காந்த அலையை எழுப்பி, அறையின் மறுபுறம் ஒரு வளையத்தின் இடைவெளியில் இன்னொரு சிறு பொறியாக அதைக் காட்டினார். ரஷியாவில் போபோவ் 1895-இல் செய்த கருவி வானத்து மின்னலைக் கண்டு மணி அடித்தது. மின்னலும் பெரிய பொறிதானே! மார்க்கோனி 1901-இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி அனுப்பிய சமிக்ஞையும் பொறியின் பிள்ளைதான். பொறி இல்லாமல் அந்த நாளில் ரேடியோவே இல்லை.

வாசகர் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பொறிக்கு ஒழுங்கு கிடையாது. வீணையில் ஒரு தந்தியை மீட்டினால் ஒரு சுரம் பிறக்கிறது. பாத்திரக் கடையில் அலமாரி சரிந்தால் எல்லா சுரமும் ஒருங்கே பிறக்கிறது. பொறி இந்த இரண்டாவது ரகம். ரேடியோ முள்ளை எங்கே நகர்த்தினாலும் அது அங்கே இருக்கும். கப்பல்களும் கரை நிலையங்களும் பொறியாலேயே பேசிக்கொண்டபோது ஒருவர் பேச்சு இன்னொருவர் காதை அடைத்தது. அதற்குள் வால்வு வந்து, ஒரே சுரத்தில் நிற்கும் சுத்தமான அலையைத் தந்தது. ஆகவே 1927-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு, பொறியால் இயங்கும் அனுப்பும் நிலையங்களைப் படிப்படியாக ஒழிப்பதென்று முடிவு செய்தது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அரசாங்கங்கள் சட்டம் போட்டுப் பெரிய பொறியை வாசல் வழியாக வெளியேற்றிய அதே வருஷங்களில்தான் சின்னப் பொறிகள் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் நுழைந்தன. மின்விசிறி, தையல் மோட்டார், ஸ்விட்ச், அழைப்பு மணி, தெருவில் ஓடும் டிராம் எல்லாம் பொறி விடுகிறவை. சட்டப்படி அனுமதி பெறாமல் எந்த வீட்டிலும் ரேடியோ நிலையம் வைக்கக் கூடாது. உண்மையில் எல்லா வீட்டிலும் நாலைந்து நிலையங்கள் நடந்துகொண்டிருந்தன.

சென்னையில் 1924-இல் ரேடியோ கிளப் ஒன்று ஒலிபரப்பைத் தொடங்கி, பண நெருக்கடியால் 1927-இல் நின்றுபோயிற்று. 1930-இல் மாநகராட்சி அந்தப் பணியை எடுத்துக்கொண்டது. 1938 ஜூன் 16-ஆம் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. சென்னையில் டிராம் 1953 வரை ஓடியது. சங்கீதமும் டிராமும் 15 வருஷங்கள் ஒரே ஊரில் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. கம்பியில் டிராமின் கை துள்ளும்போதெல்லாம் ஒரு பொறி. பொறிதோறும் அக்கம்பக்கத்துப் பெட்டிகளில் ஒரு படபடப்பு. எத்தனை ஆலாபனைகளுக்கு அது பக்கவாத்தியம் வாசித்ததோ!

எங்கள் ஊரில் டிராம் இல்லை, தையற்காரர் இருந்தார். 1960-களின் நடுவில் அவர் தம் மெஷினுக்கு ஒரு சின்ன மின்சார மோட்டார் வாங்கிப் பொருத்தினார். எங்கள் வீட்டுக்கும் அவர் கடைக்கும் ஒரே சுவர். தீபாவளி நெருங்கிய ஒரு சனிக்கிழமை இரவு, என் தகப்பனார் தேசிய நிகழ்ச்சிக் கச்சேரிக்காகப் பெட்டியின் முன் உட்கார்ந்தார். பாடகர் மேலே போகும்போது தையற்காரரும் காலை அழுத்துவார். பாடகர் இறங்கும்போது இவர் இறங்க மாட்டார். தகப்பனார் எழுந்து போய்க் கேட்டார்.

"நீங்க கேக்கறது பாட்டு சாமி, நான் தைக்கிறது பொழப்பு. தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கு" என்றார் அவர்.

இதற்கு என்ன பதில் சொல்வது? இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. மறுநாள் ரேடியோ ரிப்பேர்க்காரரை அழைத்தார் தகப்பனார். அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "நோவு இங்கே இல்லை சார், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கு. மருந்தை அங்கேதான் குடுக்கணும்" என்று சொல்லி, தையற்காரர் சம்மதத்துடன் அந்த மோட்டாரில் விரல் அளவு கண்டென்ஸர் ஒன்றை இணைத்தார். காசு கொடுத்தது என் தகப்பனார். கரகரப்பு முழுவதும் போகவில்லை. ஆனால் பாட்டுக்குக் கீழே அடங்கிவிட்டது. அந்த வருஷம் எங்கள் தீபாவளிச் சட்டைக்குத் தையற்காரர் கூலி வாங்கவில்லை.

ரிப்பேர்க்காரர் சொன்னதில் விஞ்ஞானம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மத்திய அலை நிலையம் பாட்டை அலையின் உயரத்தில் ஏற்றி அனுப்புகிறது. பொறியும் அந்த உயரத்தைத்தான் போய் ஆட்டுகிறது. இரண்டும் கலந்து வந்தபின் இது பாட்டு, இது பொறி என்று பெட்டியால் பிரிக்க முடியாது. பாலில் தண்ணீரைப் பிரிக்கும் அன்னப்பறவையை எந்தக் கம்பெனியும் செய்து விற்கவில்லை. ஆகையால் பிறந்த இடத்திலேயே இரைச்சலை அடக்க வேண்டும். அதற்கு வேண்டியது பக்கத்து வீட்டுக்காரனின் சம்மதம்.

உலக அரசாங்கங்களும் இதே முடிவுக்குத்தான் வந்து சேர்ந்தன. 1934-இல் பாரிஸில் ரேடியோ இடையூறுகளுக்கென்றே ஒரு சர்வதேசக் குழு அமைந்தது. சாதனம் இவ்வளவுக்கு மேல் இரையக் கூடாது என்று அளவு வகுப்பதே அதன் வேலை. பிரிட்டனில் 1949-இல் வந்த சட்டம் இடையூறு செய்யும் சாதனங்களைக் கட்டுப்படுத்த அதிகாரம் தந்தது.

நம் சமையலறையில் இந்தப் பாடத்தை இன்றும் படிக்கலாம். மாவரைக்கும் கிரைண்டர் வீடே அதிரச் சுற்றும். ரேடியோவில் அதன் சத்தம் அநேகமாக இராது. அதன் மோட்டாரில் உரசிப் பொறி விடும் கரித்துண்டு இல்லை. மிக்ஸியில் உண்டு. தேங்காய்ச் சட்னி அரைபடும் அந்த அரை நிமிஷம் மத்திய அலை முழுவதும் மிக்ஸிக்கே சொந்தம். காதுக்குப் பெரிய சத்தமும் ரேடியோவுக்குப் பெரிய சத்தமும் வேறு வேறு.

இரைச்சலை மதித்துக் கேட்ட இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த கார்ல் ஜான்ஸ்கியிடம், கடல் கடந்த டெலிபோன் பேச்சைக் கெடுக்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொன்னார்கள். அவர் சுழலும் ஏரியல் ஒன்றைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கேட்டார். பக்கத்து இடி, தூரத்து இடி இரண்டையும் கழித்த பின்னும் ஒரு மெல்லிய சீறல் மிஞ்சியது. அது நாள்தோறும் சுமார் நான்கு நிமிஷம் முன்னதாக வந்தது. அதாவது சூரியனோடு அல்ல, நட்சத்திரங்களோடு சேர்ந்து சுழன்றது. ஆகாச கங்கையின் நடுவிலிருந்து அது வருகிறது என்று 1933-இல் அறிவித்தார். ரேடியோ வானியல் அங்கே பிறந்தது. ஹியூஸுக்குக் கிடைக்காத நியாயம் இரைச்சலுக்கு 50 வருஷம் கழித்துக் கிடைத்தது.

அதே 1933-இல் ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கர், பாட்டை அலையின் உயரத்தில் ஏற்றாமல் அதன் அதிர்வு வேகத்தில் ஏற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பொறி உயரத்தை எப்படி ஆட்டினாலும் பெட்டி அதைச் சீவி எறிந்துவிடும். அதுதான் எப்.எம். நம் நாட்டில் அது முதன்முதலில் 1977 ஜூலை 23-இல் சென்னையில்தான் ஒலித்தது. ஆனால் அதன் எட்டுகை குறைவு. தூர தேசத்துக் குரல் வேண்டுமானால் மத்திய அலைக்கும் சிற்றலைக்கும்தான் போக வேண்டும். போனால் இரைச்சலைச் சந்திக்கத்தான் வேண்டும்.

இன்று தையல் மோட்டாரை யாரும் குறை சொல்வதில்லை. எல்.இ.டி. விளக்கும் செல்போன் சார்ஜரும் அதன் இடத்துக்கு வந்துவிட்டன. இவை கண்ணுக்குத் தெரியும் பொறி விடுவதில்லை. உள்ளே மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிச் சேர்க்கின்றன. அதை அடக்கும் சிறு உறுப்புகளை மலிவுச் சரக்கில் விட்டுவிடுகிறார்கள். முன்பு இரைச்சலுக்கு ஒரு முகம் இருந்தது. சுவரைத் தாண்டிப் போய்ப் பேசினால் ஒரு மனிதர் பதில் சொன்னார். இப்போது தெரு முழுவதும் இரைகிறது. யாரிடம் போய்க் கேட்பது? கேட்கும் காதுகளும் குறைந்துவிட்டதால் புகாரும் எழவில்லை. ஆகாயம் பொதுச் சொத்து என்பதையே மறந்துகொண்டிருக்கிறோம்.

பழைய டிரான்ஸிஸ்டர் ஒன்று உங்கள் பரணில் கிடந்தால் எடுத்து பாட்டரி போட்டு வையுங்கள். அடுத்த முறை இரவில் ஊர் முழுக்க மின்சாரம் நின்றதும், விசிறிக்காக அலுத்துக்கொள்ளாமல் அதைத் திருகிப் பாருங்கள். மிக்ஸி இல்லை, சார்ஜர் இல்லை, விளக்கு இல்லை. முள் நகர நகர, எங்கோ தொலைவில் தெரியாத பாஷையில் ஒருவர் செய்தி வாசிப்பார். அவர் தினமும் வாசிக்கிறவர்தான். நாம்தான் இத்தனை நாளும் இடம் கொடுக்கவில்லை.