பட்டம் பெறும் வீதம்

பட்டம் பெறும் வீதம் என்பது ஒரு பாடநெறியில் ஒரே ஆண்டில் சேர்ந்த மாணவர்களுள், குறித்த காலத்திற்குள் பட்டம் பெற்றோரின் நூற்று வீதம் ஆகும். கல்லூரி வளாகத்தில் பயில்வோரையும் தொலைநிலை, இணையவழிக் கல்வி பெறுவோரையும் ஒப்பிட இவ்வளவீடு பயன்படுகிறது. இரு பிரிவினரும் சேர்க்கை முறை, வயது, படிக்கும் காலம் ஆகியவற்றில் வேறுபடுவதால், எண்களை மட்டும் கொண்டு எக்கல்வி சிறந்தது எனக் கூற இயலாது. இக்கட்டுரை தமிழ்நாட்டு நிலையைத் திண்டுக்கல் பகுதியின் எடுத்துக்காட்டுடன் விளக்குகிறது.

கணக்கிடும் முறை

மூன்று எண்ணிக்கைகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

• அனுமதி: விண்ணப்பித்தோருள் இடம் அளிக்கப்பட்டோர்
• பதிவு: கட்டணம் செலுத்திச் சேர்ந்தோர்
• தேர்ச்சி: அனைத்துத் தாள்களிலும் தேறிப் பட்டம் பெற்றோர்

எடுத்துக்காட்டாக, மூன்றாண்டுப் பாடநெறியில் சேர்ந்த 100 பேரில் 30 பேர் 3 ஆண்டுகளிலும், மேலும் 25 பேர் அடுத்த 3 ஆண்டுகளிலும் பட்டம் பெற்றதாகக் கொள்வோம். 3 ஆண்டுக் கணக்கில் வீதம் 30%. 6 ஆண்டுக் கணக்கில் 55%. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் படிப்பை முடிக்க 6 ஆண்டுகள் வரை இடமுண்டு என்பதால் இவ்வேறுபாடு முக்கியமானது. ஐக்கிய அமெரிக்காவில் நான்காண்டுப் படிப்புக்கு 6 ஆண்டு அளவே வழமை; அக்கணக்கில் முதன்முறையாகச் சேரும் முழுநேர மாணவர்களே அடங்குவர்.

இந்தியாவின் அனைத்திந்திய உயர்கல்வி ஆய்வு, ஒவ்வோர் ஆண்டும் பதிவில் உள்ளோர், தேறியோர் ஆகியோரின் தொகைகளை வெளியிடுகிறது. ஓர் ஆண்டில் தேறியோரை அதே ஆண்டில் பதிவில் உள்ளோரால் வகுத்தால் கிடைப்பது பட்டம் பெறும் வீதம் அன்று.

சேர்க்கை

2021-22 ஆய்வின்படி இந்திய உயர்கல்வியில் 4.33 கோடிப் பேர் பதிவு செய்திருந்தனர். இவர்களுள் 45.73 இலட்சம் பேர், அதாவது ஏறத்தாழ பத்தில் ஒருவர், தொலைநிலைக் கல்வி பயின்றோர். அவ்வாண்டு மொத்தச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4 ஆகவும் தமிழ்நாட்டில் 47 ஆகவும் இருந்தது.

கல்லூரிகளில் இடங்கள் வரையறுக்கப்பட்டவை. மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணும் இடஒதுக்கீடும் சேர்க்கையை முடிவு செய்கின்றன. தொலைநிலைக் கல்வியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு அடிப்படைத் தகுதி இருந்தாலே போதும். கல்லூரியில் வாயிலிலேயே நடைபெறும் வடிகட்டல், இங்கே சேர்ந்த பின்னர் தேர்வுகளின்போது நடைபெறுகிறது. வீதம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திண்டுக்கல் பகுதி

திண்டுக்கல் நகரின் பேகம்பூர், ஐதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகத்தின் பெயரால் வழங்குவது. தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. இப்பகுதியினருக்கு அருகில் ஜி.டி.என். கலைக்கல்லூரியும், 1956 இல் தொடங்கிய காந்திகிராமக் கிராமிய நிறுவனமும் உள்ளன. மதுரைப் பல்கலைக்கழகம் (1966), தமிழ்நாட்டில் அஞ்சல்வழிக் கல்வியை முற்பட்டுத் தொடங்கியவற்றுள் ஒன்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981 இலும் இத்துறையில் இறங்கின. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 இல் நிறுவப்பட்டது. பகலில் வேலைக்குச் செல்வோருக்கும், மணமான பின் படிப்பைத் தொடரும் பெண்களுக்கும் இவை வழி திறந்தன.

பட்டத்தின் மதிப்பு

அடிப்படைப் பட்டம் இன்றித் திறந்தநிலை முறையில் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என உச்ச நீதிமன்றம் 2009 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்பளித்தது. எனவே படிப்பை முடித்தவர் அனைவரும் அதன் பயனைப் பெற்றனர் எனக் கொள்ள இயலாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிகள், ஏற்பளிக்கப்பட்ட தொலைநிலை, இணையவழிப் பட்டங்களை வளாகப் பட்டங்களுக்கு இணையாகக் கருதுகின்றன. எனினும் 2022 இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் உதவி, தொலைநிலையில் பயிலும் மாணவியருக்கு இல்லை.

இணையவழிக் கல்வி

ஆர்வர்டு பல்கலைக்கழகமும் மாசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் நடத்திய திறந்த இணையப் பாடங்களில், 2017-18 இல் சேர்ந்தோருள் ஏறத்தாழ 3% பேரே முடித்தனர். கட்டணம் செலுத்திச் சான்றிதழ் நாடியோரிடையே இது 46% ஆக இருந்தது. நோக்கத்தோடு சேர்ந்தவரையும் பார்வையிட வந்தவரையும் ஒன்றாக எண்ணுவதன் விளைவே இவ்வேறுபாடு.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020 இல் அறிவித்த இணையவழித் தரவு அறிவியல் படிப்பில், பொதுவாக நான்கு வாரத் தகுதிப் பாடத்தையும் தேர்வையும் முடித்தோர் சேர்க்கப்படுகின்றனர். இடையில் நிறுத்துவோர், முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ பட்டயமோ பெறலாம். இம்முறையில் பட்டம் பெறாதவர் அனைவரும் தோற்றவர் அல்லர்.

இவற்றையும் பார்க்க

• தொலைநிலைக் கல்வி
• தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம்
• திண்டுக்கல்